‘அமெரிக்கா’ யாருக்குச் சொந்தம்? 1507-ல் ஓர் அச்சகம் வைத்த பெயரும், ட்ரம்ப் மாற்றிய வளைகுடாவும்

மெக்சிகோ வளைகுடாவுக்கு ‘அமெரிக்க வளைகுடா’ என்று பெயர் மாற்றப்போவதாக டொனால்ட் ட்ரம்ப் அறிவித்தது 2025 ஜனவரி 7-ல். அப்போது அவர் பதவிகூட ஏற்கவில்லை. மறுநாள் காலை மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெய்ன்பாம் தன் வழக்கமான செய்தியாளர் சந்திப்பில் ஒரு பழைய உலக வரைபடத்தைத் திரையில் காட்டினார். 1607-ம் ஆண்டு வரைபடம் அது. அதில் வட அமெரிக்கா இருக்கும் இடத்தில் ‘அமெரிக்கா மெக்சிகானா’ என்று இருந்தது. அதாவது, மெக்சிக அமெரிக்கா. நாமும் இனிமேல் அப்படியே கூப்பிடலாமே, கேட்க நல்லாத்தானே இருக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார் ஷெய்ன்பாம்.

சமூக வலைதளங்களில் அன்று முழுக்க இதுதான் ஓடியது. நல்ல பதிலடி என்று ரசித்துவிட்டு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு நிஜமான கேள்வி இருந்தது. அமெரிக்கா என்பது ஒரு நாட்டின் பெயரா, ஒரு கண்டத்தின் பெயரா? அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தெற்கு முனை வரைக்கும் பரந்து கிடக்கும் நிலத்துக்கு வைத்த பெயரை, அதிலுள்ள ஒரே ஒரு நாடு மட்டும் தன் வீட்டுப் பெயராக எடுத்துக்கொண்டது எப்படி?

இதற்குப் பதில் தேட 500 வருஷத்துக்கும் மேல் பின்னால் போகணும். போகிற இடம் வாஷிங்டனும் இல்லை, மெக்சிகோ சிட்டியும் இல்லை. இன்றைய பிரான்ஸின் கிழக்கு மூலையில், கடலே இல்லாத ஒரு மலையடிவார ஊர்.

முதலில், ட்ரம்ப் உத்தரவில் என்ன இருக்கு?

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே ட்ரம்ப் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று இது. ‘அமெரிக்க மகத்துவத்தைப் போற்றும் பெயர்களை மீட்டெடுத்தல்’ என்பது அதன் தலைப்பு. மீட்டெடுத்தல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கணும். அந்த வளைகுடாவுக்கு அமெரிக்காவின் பெயர் எந்தக் காலத்திலும் அதிகாரபூர்வமாக இருந்ததில்லை. 400 ஆண்டுகளுக்கும் மேலாக அது மெக்சிகோ வளைகுடாதான். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பே வரைபடங்களில் அந்தப் பெயர் இருந்தது. இல்லாத ஒன்றை எப்படி மீட்பது?

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. உத்தரவின் வாசகப்படி பெயர் மாறுவது முழு வளைகுடாவுக்கும் இல்லை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃப்ளோரிடா ஆகிய 5 மாநிலங்களை ஒட்டி, மெக்சிகோ மற்றும் கியூபாவின் கடல் எல்லை வரைக்குமான அமெரிக்கக் கண்டத்திட்டுப் பகுதிக்குத்தான். ஷெய்ன்பாம் கூகுள் நிறுவனத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: அவர்கள் மாற்றியது அவர்கள் பங்கை, நீங்கள் ஏன் எங்கள் பங்குக்கும் சேர்த்துப் பெயர் மாற்றுகிறீர்கள்?

இந்தப் பெயர் விவகாரத்தில் உடனடியாக அடி வாங்கியது ஒரு செய்தி நிறுவனம். அசோசியேட்டட் பிரஸ், சுருக்கமாக ஏ.பி. உலகம் முழுக்க வாசகர்கள் இருப்பதால் மெக்சிகோ வளைகுடா என்றே எழுதுவோம், ட்ரம்ப் வைத்த புதுப் பெயரையும் கூடவே குறிப்பிடுவோம் என்று அது முடிவெடுத்தது. 2025 பிப்ரவரியில் அதன் செய்தியாளர்களுக்கு அதிபர் அலுவலக நிகழ்ச்சிகளின் கதவு சாத்தப்பட்டது. ஏ.பி வழக்குப் போட்டது. ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது. ஒரு கடலை எந்தப் பெயரில் எழுதுகிறாய் என்பதை வைத்து ஒரு செய்தியாளர் உள்ளே வரலாமா கூடாதா என்று முடிவு செய்தார்கள். பெயரில் என்ன இருக்கு என்று கேட்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

சரி, யார் இந்த அமெரிகோ?

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் கொலம்பஸ் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. அப்போ கண்டத்துக்கு ஏன் கொலம்பஸ் பெயர் இல்லை? வகுப்பில் யாராவது ஒரு பையன் நிச்சயம் கேட்டிருப்பான். பெயர் வந்தது அமெரிகோ வெஸ்புச்சி என்ற இத்தாலியரிடமிருந்து. 1450-களில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அந்த ஊரில் கொடிகட்டிப் பறந்த மெடிச்சி குடும்பத்தின் ஒரு கிளைக்கு வணிக விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர். அந்த வேலையாகத்தான் ஸ்பெயினின் செவில் நகரத்துக்கு வந்தார். அங்கே கப்பல்களுக்குச் சரக்கும் சாமானும் ஏற்பாடு செய்து தரும் தொழிலில் இருந்தார். கொலம்பஸின் பயணங்களுக்கான ஏற்பாடுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கிட்டத்தட்ட 45 வயதில் அவரே கப்பல் ஏறினார். 1499-ல் ஸ்பானியக் கப்பல்களோடு ஒரு முறை, 1501-ல் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு ஒரு முறை. இந்த இரண்டு பயணங்களும் உறுதியானவை. இரண்டாவது பயணத்தில் இன்றைய பிரேசிலின் கடற்கரையை ஒட்டியே தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கரை முடிகிற மாதிரியே தெரியவில்லை. இது ஆசியாவின் ஏதோ ஒரு முனை என்று சொல்லிச் சமாளிக்க முடியாத அளவுக்கு நீண்டது அந்த நிலம்.

கொலம்பஸ் சறுக்கியது இங்கேதான். 1498-ல் தென் அமெரிக்காவின் நிலப்பகுதியை அவரும் பார்த்தார். ஒரினோகோ ஆறு கடலில் கொட்டும் நன்னீரின் அளவைப் பார்த்துவிட்டு இது தீவாக இருக்க முடியாது, பெரிய நிலம்தான் என்றும் எழுதினார். ஆனால் தான் வந்து சேர்ந்திருப்பது ஆசியாவின் ஓரம் என்ற எண்ணத்தை அவர் விடவே இல்லை. 1506-ல் அந்த நம்பிக்கையோடுதான் இறந்தார். அவருடைய அந்தத் தவறு இன்றும் தமிழில்கூட உயிரோடு இருக்கிறது. இந்தியாவுக்குச் சம்பந்தமே இல்லாத தீவுகளை மேற்கிந்தியத் தீவுகள் என்கிறோம். அந்த மண்ணின் பூர்வகுடிகளைச் செவ்விந்தியர் என்று எழுதிப் பழகிவிட்டோம்.

வெஸ்புச்சி பெயரில் 1503 வாக்கில் ஒரு சிறு லத்தீன் பிரசுரம் வெளிவந்தது. ‘முண்டுஸ் நோவுஸ்’, அதாவது புதிய உலகம். தலைப்பிலேயே விஷயம் முடிந்தது. நம் முன்னோர்களுக்குத் தெரியாத ஒரு நான்காவது நிலப்பரப்பு தெற்கே இருக்கிறது என்பது அதன் சாரம். கூடவே அங்கே பார்த்த மனிதர்களின் உடை, உணவு, உறவுமுறை பற்றிப் பரபரப்பான வர்ணனைகள். ஐரோப்பாவின் பல நகரங்களில் அது மறுபடி மறுபடி அச்சானது. அந்தக் காலத்து வைரல்.

அடுத்து இன்னொரு கடிதம் அச்சானது. இதில் வெஸ்புச்சி 4 பயணங்கள் போனதாக இருந்தது. முதல் பயணம் 1497-லாம். அது உண்மையானால் கொலம்பஸுக்கு ஒரு வருஷம் முன்பே அவர் பெருநிலத்தைத் தொட்டுவிட்டார் என்று ஆகும். இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அந்த 1497 பயணத்தை நம்புவதில்லை. அச்சான கடிதங்களை வெஸ்புச்சியே அந்த வடிவில் எழுதினாரா, வேறு யாராவது மசாலா சேர்த்தார்களா என்பதும் விவாதம்தான். ஆனால் 1507-ல் அதைப் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் இல்லை.

கடல் பார்க்காத ஊரில் நடந்த பெயர் சூட்டு விழா

லொரைன் சிற்றரசின் வோஜ் மலையடிவாரத்தில் இருந்தது சான்-தியே என்ற சிற்றூர். ஒரு தேவாலயம், அதைச் சுற்றிப் படித்த பாதிரியார்கள், சிற்றரசர் இரண்டாம் ரெனேயின் ஆதரவு, ஒரு புது அச்சு இயந்திரம். அந்த ஊரின் மொத்தச் சொத்து அவ்வளவுதான். அங்கே கூடியிருந்த அறிஞர் குழுவில் இரண்டு பேர் நமக்கு முக்கியம். ஒருவர் மார்ட்டின் வால்ட்ஸீமுல்லர், வரைபடக்காரர். இன்னொருவர் மத்தியாஸ் ரிங்மான், 25 வயதே ஆன கவிஞர், கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர்.

பழைய கிரேக்கப் புவியியல் அறிஞர் தாலமியின் நூலைத் திருத்திப் புதிதாக வெளியிடுவதுதான் அவர்களுடைய திட்டம். அந்த நேரத்தில்தான் வெஸ்புச்சியின் 4 பயணக் கடிதம் சிற்றரசர் வழியாகக் கையில் கிடைத்தது. திட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, 1507 ஏப்ரல் 25-ல் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார்கள். ‘கோஸ்மோகிராஃபியே இன்ட்ரொடுக்டியோ’, உலகப் படவியலுக்கு ஓர் அறிமுகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு மாபெரும் சுவர் வரைபடமும் தயாரானது. மரப்பலகைகளில் செதுக்கி 12 தாள்களில் அச்சிட்டு ஒட்டினால், சுமார் இரண்டேகால் மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் உயரமும் வரும்.

அந்தப் புத்தகத்தில்தான் பெயர் வருகிறது. ஐரோப்பாவும் ஆசியாவும் பெண்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. புதிய நிலத்தைக் கண்டறிந்தவர் அமெரிகோ. ஆகவே அவர் பெயரை வைத்து ‘அமெரிக்கா’ என்று ஏன் அழைக்கக் கூடாது? இதுதான் அவர்கள் வைத்த வாதம். அமெரிகோ என்பதன் லத்தீன் வடிவம் அமெரிக்குஸ். அதைப் பெண்பாலாக்கினால் அமெரிக்கா. கிரேக்கச் சொல் விளையாட்டில் ஊறிய அந்தப் பகுதியை எழுதியது ரிங்மானாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெயரை வைத்தவர் ஒரு கவிஞர் என்றால், இவ்வளவு நாள் நிலைத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

மற்ற கண்டங்களின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் வரும். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எல்லாம் யார் வைத்தது என்றே சொல்ல முடியாத அளவுக்குப் பழைய பெயர்கள். அமெரிக்காவுக்கு மட்டும் பிறந்த தேதி, பிறந்த ஊர், பெயர் வைத்தவர்கள் என்று எல்லாமே இருக்கிறது. பிரிஸ்டல் நகர வணிகர் ரிச்சர்ட் அமெரிக்கிடமிருந்து வந்தது, நிகரகுவாவின் அமெர்ரிக்கே மலையிலிருந்து வந்தது என்றெல்லாம் வேறு கதைகளும் இணையத்தில் சுற்றுகின்றன. ஆனால் காரணத்தோடு எழுதி அச்சிட்ட தாள் சான்-தியேவில்தான் கிடைத்தது.

வரைபடத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடு இருக்கும் பக்கமே இல்லை. கீழே, தென் அமெரிக்காவில், ஏறக்குறைய இன்றைய பிரேசில்-பராகுவே பக்கத்தில் இருக்கிறது. வடக்கே இருக்கும் நிலத்துக்கு அந்த வரைபடம் தந்த பெயர் ‘பாரியாஸ்’. அதாவது முதல் ‘அமெரிக்கர்கள்’ என்று யாரையாவது சொல்லணும் என்றால், இந்த வரைபடப்படி பிரேசில்காரர்களைத்தான் சொல்லணும்!

பெயரை வைத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டார்

பலரும் சொல்லாமல் விடும் பகுதி இது. ரிங்மான் 1511-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். 1513-ல் தாலமி நூலின் புதிய பதிப்பு வந்தபோது, வால்ட்ஸீமுல்லர் தயாரித்த புது வரைபடத்தில் அமெரிக்கா என்ற சொல்லே இல்லை. அந்த இடத்தில் ‘அறியப்படாத நிலம்’ என்று இருந்தது. பக்கத்திலேயே, இந்த நிலத்தையும் அருகிலுள்ள தீவுகளையும் கண்டறிந்தவர் ஜெனோவாவைச் சேர்ந்த கொலம்பஸ் என்று ஒரு குறிப்பு. 1516-ல் அவர் வெளியிட்ட கடல் வரைபடத்தில் தெற்கு நிலம் ‘புதிய நிலம்’ ஆனது, ‘கிளிகளின் நாடு’ என்ற பெயரும் இருந்தது. வடக்கு நிலத்தை ஆசியாவின் ஒரு பகுதி என்றே எழுதிவிட்டார். கொலம்பஸின் கட்சிக்கே திரும்பிப் போனது போலத்தான்.

ஆனால் வில்லிலிருந்து அம்பு போயாச்சு. 1507 வரைபடம் 1,000 பிரதிகள் அச்சானதாக வால்ட்ஸீமுல்லரே குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலும் மடாலயங்களிலும் அதைப் பார்த்தவர்கள் தங்கள் வரைபடங்களில் நகலெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். யோஹானஸ் ஷோனர் 1515-ல் செய்த உலக உருண்டையில் அமெரிக்கா இருந்தது. பீட்டர் அப்பியான் 1520-ல் அச்சிட்ட வரைபடத்தில் இருந்தது. 1538-ல் ஜெரார்டு மெர்கேட்டர் ஒரு படி மேலே போனார். தெற்கே மட்டும் இருந்த பெயரை வடக்குக்கும் நீட்டி, வட பகுதி, தென் பகுதி என்று பிரித்து எழுதினார். பின்னாளில் உலகின் மிகப் புகழ்பெற்ற வரைபடக்காரராக ஆனவர் அவர். அவர் எழுதியதை மற்றவர்கள் எழுதினார்கள். நாம் இன்று சொல்லும் வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்ற பிரிவின் தொடக்கம் அங்கே.

இதில் எந்த அரசனும் உத்தரவு போடவில்லை. சொல்லப்போனால், அந்த நிலத்தின் பெரும்பகுதியை ஆண்ட ஸ்பெயின் இந்தப் பெயரை 200 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்களுக்கு அது ‘இந்தியாஸ்’. ஆட்சிக்குழு ‘இந்தியாஸ் கவுன்சில்’. 1785-ல் செவிலில் தொடங்கிய ஆவணக் காப்பகத்துக்குக்கூட அதே பெயர்தான், இன்றைக்கும். கொலம்பஸுக்கு அநியாயம் நடந்துவிட்டது, அவர் பெயரைத்தான் வைத்திருக்கணும் என்று பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் பொருமினார். 16-ம் நூற்றாண்டில் அவர் எழுதிய அந்த வரலாற்று நூல் அச்சேறியது 1875-ல். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முதலில் அச்சானது ஜெயித்தது.

வெஸ்புச்சியைப் பாவம் என்றுதான் சொல்லணும். தன் பெயர் ஒரு கண்டத்துக்குப் போயிருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1505-ல் அவர் கஸ்தீல் அரசின் குடியுரிமை பெற்றார். 1508-ல் ஸ்பெயினின் தலைமை மாலுமி ஆனார். 1512-ல் செவிலில் இறந்தார். கொலம்பஸ் தன் மகனுக்கு 1505-ல் எழுதிய கடிதத்தில் வெஸ்புச்சியை நல்ல மனிதர், அதிர்ஷ்டம் கைகொடுக்காதவர் என்றுதான் சொல்கிறார். ஆனால் 19-ம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் அவரை ஊறுகாய் வியாபாரி, திருடர் என்று ஏசினார். இருவர் சேர்ந்து வைத்த பெயருக்கு மூன்றாவது ஆள் திட்டு வாங்குகிறார்.

கண்டத்தின் பெயர் நாட்டுக்கு வந்தது எப்படி?

பள்ளியில் படித்த ஆகுபெயர் நினைவிருக்கிறதா? ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. பிரேசில் பக்கத்துக்கு வைத்த பெயர் மெர்கேட்டர் கையில் முழு நிலப்பரப்புக்கும் போனது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆனதால் இது சினையாகுபெயர் மாதிரி. அடுத்து நடந்தது அப்படியே தலைகீழ். முழுமையின் பெயர் ஓர் உறுப்புக்கு வந்தது, முதலாகுபெயர்.

1776-ல் பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 குடியேற்றங்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. அவை சேர்ந்து வைத்துக்கொண்ட பெயரும் ஒரு வர்ணனைதான்: அமெரிக்காவில் இருக்கும், ஒன்றுபட்ட மாநிலங்கள். அதைப் பெயர் என்று சொல்வதைவிட முகவரி என்று சொல்லலாம். அதிலிருந்து ‘ஒன்றுபட்ட மாநிலத்தார்’ என்று ஆட்களைக் கூப்பிட வாய் வராது. எனவே அமெரிக்கன் என்பதே ஒட்டிக்கொண்டது. கொலம்பஸை நினைத்து ‘கொலம்பியா’ என்று வைக்கலாம் என்ற எண்ணமும் அங்கே இருந்தது. அதன் எச்சம்தான் தலைநகர் மாவட்டத்தின் பெயரான டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா. ஆனால் 1819-ல் சிமோன் பொலிவார் தென் அமெரிக்காவில் புதிய குடியரசுக்குக் கொலம்பியா என்று பெயர் வைத்துவிட்டார்.

அதே காலத்தில் மெக்சிகோவின் விடுதலைப் போராளிகளும் தங்களை அமெரிக்கர்கள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். 1814-ல் அபாட்சிங்கான் நகரில் அவர்கள் எழுதிய அரசியல் சாசனம், ‘மெக்சிக அமெரிக்காவின்’ விடுதலைக்கான சாசனம் என்றே தன்னைச் சொல்கிறது. ஷெய்ன்பாம் காட்டிய வரைபடத்தில் இருந்த அதே பெயர். அது அன்று காலை தோன்றிய ஜோக் இல்லை. மெக்சிகோவின் அதிகாரபூர்வப் பெயர் இன்றும் ‘மெக்சிக ஐக்கிய நாடுகள்’ என்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்கா, ஐக்கிய நாடுகள் ஆகிய இரண்டு சொல்லுமே இன்னொரு நாட்டிலும் இருக்கிறது!

நாங்களும் அமெரிக்கர்கள்தான்

நம் பாடப்புத்தகத்தில் 7 கண்டங்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளின் பள்ளிகளில் அப்படி இல்லை. அங்கே வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே கண்டம், பெயர் அமெரிக்கா. ஒலிம்பிக் கொடியின் 5 வளையங்களும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. தென் அமெரிக்க நாடுகள் மோதும் கால்பந்துப் போட்டிக்குக் ‘கோபா அமெரிக்கா’ என்று பெயர். மெஸ்ஸி 2021-ல் அந்தக் கோப்பையைத் தூக்கியபோது, அது எந்த அமெரிக்கா என்று இங்கே யாரும் குழம்பவில்லை.

அந்த ஊர்களில் அமெரிக்க நாட்டுக்காரரைக் குறிக்க ஸ்பானிய மொழியில் தனிச் சொல்லே உண்டு: ‘எஸ்தாதோஉனிதென்சே’. ஐக்கிய நாட்டுக்காரர் என்று பொருள். அமெரிக்கானோ என்பதை ஒரே நாட்டவருக்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று ஸ்பானிய மொழி அகாதெமியின் வழிகாட்டியும் சொல்கிறது. கியூபாவின் ஹோசே மார்த்தி 1891-ல் ‘நமது அமெரிக்கா’ என்று கட்டுரை எழுதியபோது, அந்த ‘நமது’ என்ற சொல்லில்தான் மொத்தச் சண்டையும் இருந்தது.

இதைச் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பெயர் மாற்ற உத்தரவு வந்த அதே 2025 ஜனவரி 20-ல், அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைகளில் யாருக்குக் குடியுரிமை என்பதைச் சுருக்கும் உத்தரவிலும் ட்ரம்ப் கையெழுத்திட்டார். அது உடனே நீதிமன்றத்துக்குப் போனது. கடலின் பெயரும் குழந்தையின் குடியுரிமையும் வேறு வேறு சட்ட விஷயங்கள். கேட்கப்படும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: யார் அமெரிக்கர்? மெக்சிகோவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்து டெக்சாஸில் கூலி வேலை பார்க்கும் ஒருவர், தன் ஊர்ப் பாடப்புத்தகத்தின்படி பிறந்ததிலிருந்தே அமெரிக்கர். எல்லையைத் தாண்டியதும் அந்தச் சொல் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது.

அழிந்தது யாருடைய பெயர்?

மெக்சிகோ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே டெனோச்டிட்லான் நகரைக் கட்டி ஆண்ட மெக்சிகா மக்களின் பெயர் அது. அந்த மண்ணின் நவாட்டில் மொழிச் சொல். அதை எடுத்துவிட்டு வைத்தது, ஒரு ஃப்ளோரன்ஸ் வணிகரின் பெயரை. அதுவும் அந்தக் கடலைப் பார்க்காத இருவர் ஒரு மலையூரில் லத்தீனாக்கிய வடிவத்தை.

அதே உத்தரவில் இன்னொரு பெயரும் மாறியது. அலாஸ்காவில் இருக்கும், வட அமெரிக்காவின் மிக உயரமான மலை டெனாலி. உயர்ந்தது என்ற பொருளில் கோயுகோன் பூர்வகுடிகள் வைத்த பெயர். 1896-ல் தங்கம் தேடிப் போன ஒருவர் அதற்கு மெக்கின்லி என்று பெயர் சொன்னார். 1917-ல் அரசு அதை ஏற்றது. வில்லியம் மெக்கின்லி ஒஹையோவைச் சேர்ந்த அதிபர். அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. 2015-ல் ஒபாமா அரசு டெனாலி என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025-ல் ட்ரம்ப் மறுபடி மெக்கின்லி ஆக்கினார். அலாஸ்காவில் பெரும்பாலானோர் வாயில் அது டெனாலிதான்.

மொத்தக் கண்டத்துக்கும் பூர்வகுடிகள் வைத்த பெயர் என்று ஒன்று உண்டா? பனாமாவின் குனா மக்கள் மொழியில் ‘அப்யா யாலா’ என்ற சொல் இருக்கிறது, முதிர்ந்து செழித்த நிலம் என்பது போலப் பொருள். தென் அமெரிக்கப் பூர்வகுடி இயக்கங்கள் அமெரிக்கா என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இதைப் பயன்படுத்துகின்றன. வடக்கே ‘ஆமைத்தீவு’ என்ற பெயர் புழங்குகிறது. ஆமையின் முதுகில் நிலம் உருவான படைப்புக்கதையிலிருந்து வந்தது. இரண்டும் இன்னும் அரசாங்க வரைபடங்களுக்குள் நுழையவில்லை.

இப்போது நிலவரம் என்ன?

அந்த 1507 சுவர் வரைபடத்தின் ஒரே ஒரு பிரதிதான் தப்பியது. ஷோனர் தன் சேகரிப்பில் கட்டி வைத்திருந்த தாள்கள் அவை. 1901-ல் தெற்கு ஜெர்மனியின் வொல்ஃபெக் கோட்டையில் யோசெஃப் ஃபிஷர் என்ற பாதிரியார் கண்டெடுத்தார். 2003-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை 1 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2007-ல் ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்கல் முறைப்படி ஒப்படைத்தார். அமெரிக்காவின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்லி வாஷிங்டனில் வைத்திருக்கிறார்கள். சான்றிதழில் பெயர் பிரேசில் பக்கத்தில் இருக்கிறதே என்று பார்க்க வருகிறவர்கள் கேட்காமல் இருப்பார்களா, தெரியவில்லை.

வளைகுடா விஷயத்தில், அதிபர் உத்தரவை அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். அதனால் அதைச் சட்டமாக்கும் மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் கொண்டுவந்தார்கள். 2025 மே 8-ல் பிரதிநிதிகள் சபையில் 211-206 என்ற கணக்கில் நிறைவேறியது. செனட்டிலும் நிறைவேறினால்தான் அது சட்டமாகும். அடுத்த நாளே கூகுள் மீது வழக்குத் தொடுத்துவிட்டதாக ஷெய்ன்பாம் அறிவித்தார்.

கூகுள் மேப்ஸ் 2025 பிப்ரவரியிலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. அமெரிக்காவில் திறந்தால் அமெரிக்க வளைகுடா. மெக்சிகோவில் திறந்தால் மெக்சிகோ வளைகுடா. இந்தியா உட்பட மற்ற நாடுகளில் இரண்டு பெயரும் வரும்படி செய்தார்கள்: முதலில் மெக்சிகோ, அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா.